ஏழரை மணி விளக்கு

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவேன். கழுவிக் கவிழ்த்ததையே எடுத்து மறுபடியும் கழுவுவேன். அந்த ஐப்பசி மாதம் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. காரணம், சாப்பாட்டு மேசை மேல் இருந்த ஒரு சின்ன விளக்கு. எரிய வேண்டிய நேரத்தில் அது எரியவில்லை.

விளக்கு என்றால் சாமி விளக்கு இல்லை. என் கணவர் செய்து வைத்துவிட்டுப் போனது. அவர் கத்தாரில் ஒரு பெரிய கட்டடத்தில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை பார்க்கிறார். நான் இங்கே விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டையில், பீஸ்கட்டை செய்கிற ஒரு யூனிட்டில் இருக்கிறேன். வீட்டில் கரண்டு போனால் மெயின் போர்டைத் திறந்து பிடுங்கிப் பார்ப்பார்களே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை. சூளைக்குப் போவதற்கு முன்னால் பளபளப்புக்காக அதைக் கிளேஸ் கலவையில் முக்கி எடுப்பது என் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியார் திட்டக்குடியில் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். காலையில் நான் பூட்டிவிட்டுப் போகிற வீட்டை மாலையில் நானேதான் வந்து திறக்க வேண்டும்.

போன தடவை லீவில் வந்தபோது அவர் பெட்டியில் துணிமணியை விட ஒயர்தான் அதிகம் இருந்தது. அவருக்கு இந்தக் கிறுக்கு கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு. ஓய்ந்த நேரத்தில் எதையாவது பிரிப்பார், எதையாவது சேர்ப்பார். அந்த லீவில் அவர் செய்தது ஒரு ஜோடி. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பலகை, அது முழுக்க ஊசித் துளைகள். பிரெட்போர்டு என்று பெயர். அந்தத் துளைகளில் ஒயரையும் மற்ற சாமானையும் செருகினால் போதும், ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டியதில்லை. அதில் வைஃபை பிடிக்கிற ஒரு குட்டி போர்டு, ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்இடி, ஒரு பொத்தான். இதே மாதிரி இன்னொன்று அவரோடு கத்தாருக்குப் போய்விட்டது. அங்கே வேலை செய்கிற அறையில் அவர் மேசை மேல் இருக்கிறது. அவர் அங்கே பொத்தானை அழுத்தினால் இங்கே விளக்கு எரியும். நான் இங்கே அழுத்தினால் அங்கே எரியும். விரலை எடுக்கிற வரைக்கும் எரியும், எடுத்தால் அணைந்துவிடும். அவ்வளவுதான் அதன் சமர்த்து.

எல்இடி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று நான்தான் அதற்கு ஒரு மூடி கொண்டுவந்தேன். எங்களுக்கு அடுத்த யூனிட்டில் பொம்மையும் கிண்ணமும் செய்கிறார்கள். சூளையில் வாய் கோணிப்போய் ஒதுக்கி வைத்த மெல்லிசான கிண்ணம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கவிழ்த்தேன். உள்ளே எரிந்தால் கிண்ணம் முழுக்கப் பால் நிறத்தில் வெளிச்சம் பரவும். அவருக்கு அதைப் பார்த்துத் தலைகால் புரியவில்லை. கத்தாருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒயரெல்லாம் செருகித்தான் இருக்கிறது, அடுத்த லீவில் வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் பற்றவைத்துத் தருகிறேன் என்றார். தலையாட்டினேன். அவர் அதை அரைகுறையாக விட்டுப் போனது எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. வேலையைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்.

ஒரு பேச்சும் வைத்துக்கொண்டோம். அங்கே வேலை முடிந்து கிளம்பும்போது அவர் அழுத்துவார். நம்ம ஊரில் அப்போது ஏழரை மணி ஆகும். எரிந்ததும் நான் பதிலுக்கு அழுத்துவேன். அவர் அழுத்தினால்தான் நான் அழுத்துவேன், முந்திக்கொண்டு அழுத்தமாட்டேன். விளக்கைப் பற்றிப் போனில் பேசக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் நான் போட்டது. போனில் நாங்கள் என்ன பேசுவோம்? மோட்டார் ஓடுகிறதா, கேஸ் வந்ததா, அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது. எதைப் போனில் போட்டாலும் அது வீட்டுச் சமாச்சாரமாக ஆகிவிடுகிறது. விளக்காவது அதில் மாட்டாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால் அன்றைக்கு எரியாது, போனில் பேசுவோம். மற்ற நாட்களில் ஏழரைக்கு நான் மேசைப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பேன். முதலில் நீளமாக ஒரு தடவை எரியும். கொஞ்சம் பொறுத்து, வெடுக்கென்று குட்டியாக ஒரு தடவை. அது அவர் கை. ஊரில் இருக்கும்போது எங்கள் கேட்டுத் தாழ்ப்பாளையும் அப்படித்தான் ஆட்டுவார். நீளமாக ஒன்று, நான் வர நேரமானால் குட்டியாக இன்னொன்று. அந்தக் குட்டி வெளிச்சத்தைப் பார்த்ததும் சமயத்தில் எழுந்து கதவு வரைக்கும் போயிருக்கிறேன். சிரிக்காதீர்கள், தனியாக இருந்து பார்த்தால் தெரியும்.

ஆடியில் வருவதாக இருந்தது அவருடைய லீவு. ஆள் இல்லை, மாற்றி விடுவதற்கு யாரும் வரவில்லை என்று தள்ளிப் போட்டார்கள். சரி என்றேன். புரட்டாசி போனது, ஆயுத பூஜை வந்து போனது. அதற்குப் பிறகு ஒருநாள் ஏழரைக்கு விளக்கு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை.

ஓவர்டைமாக இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் நெட் இல்லையோ என்று பார்த்தேன். குட்டி போர்டில் நெட் பிடித்தால் எரிகிற நீலப் பொட்டு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் மனசு வேறு பக்கம் போக ஆரம்பித்தது. அணைந்து போவதற்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ வெளிச்சம் மங்கலாகத்தான் வந்தது. மனசில்லாமல் அழுத்துகிறார் என்று அன்றைக்கே நினைத்தேன். பொத்தானை மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் வெளிச்சம் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? நினைப்பு வந்துவிட்டதே.

வெள்ளிக்கிழமை போனில் அவர் எப்போதும் போலப் பேசினார். இல்லை, எப்போதும் போல இல்லை. கொஞ்சம் குறைத்துப் பேசினார். மோட்டார் ஓடுகிறது என்றேன். சரி என்றார். ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்பேனா நான்? கேட்டு வாங்கினால் அது என்ன விளக்கு? போனை வைத்துவிட்டுப் போய் பாத்திரம் கழுவினேன்.

யூனிட்டில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவள் பெண்ணாடத்துக்காரி. நான் கிளேஸில் முக்கித் தருவதை அவள் வாங்கி அடியைத் துடைத்து அடுக்குவாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். விளக்கு விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். அங்கே யாராவது பிலிப்பைன்ஸ்காரி பொத்தானைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருப்பாள் என்று கேலி பண்ணினாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு பீஸ்கட்டையை நழுவவிட்டேன். அது உடைந்ததும் அவள் கேலியை நிறுத்திவிட்டாள். வீட்டு விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பல்பைப் பார்ப்போமா, கரண்டு ஆபீஸ்காரன் மேல் சந்தேகப்படுவோமா என்று கேட்டாள். அதுவும் நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அவருடைய டப்பாவில் மல்டிமீட்டர் இருந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும். லீவு நாட்களில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து கருவேப்பிலை உருவியபடி எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒயரின் இரண்டு முனையிலும் ஊசியை வைத்தால், ஒயர் நல்லதாக இருந்தால் பீப் என்று கத்தும்.

எங்கள் யூனிட்டில் சூளையிலிருந்து சரக்கு இறங்கியதும் ஒவ்வொரு பீஸாகக் கையில் எடுத்துத் தட்டிப் பார்ப்போம். ணங்கென்று சத்தம் வந்தால் நல்லது. டொப்பென்று வந்தால் உள்ளே எங்கோ கீறல். அந்தப் பழக்கத்திலேயே இதையும் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் வைத்துச் சோதித்தேன். ஒயர் பீப் என்றது. ரெசிஸ்டர் சரி. எல்இடியின் இரண்டு காலிலும் ஊசியை வைத்தால் லேசாகக் கண்ணைத் திறந்தது, அதுவும் சரி. சார்ஜரிலிருந்து கரண்டு வருகிறது. எதை எடுத்தாலும் நல்லது, நல்லது என்றே மீட்டர் சொல்லிக்கொண்டு வந்தது. வேறு எந்தச் சாமான் ரிப்பேர் பார்த்தாலும் எல்லாம் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுவோம். அன்றைக்கு எனக்கு ஒன்றாவது கெட்டுப்போயிருக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஒயராவது அறுந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

மனசு கேட்காமல் பாலக்கரை கடைத்தெருவுக்குப் போய்ப் புது எல்இடி வாங்கி வந்தேன். பழையதைப் பிடுங்கிய அதே துளைகளில் புதியதைச் செருகினேன். மற்ற எல்லாவற்றையும் முன்பு இருந்த இடத்திலேயே செருகினேன். இனி பாக்கி ஒன்றுதான். அவர் அழுத்தினால் குட்டி போர்டின் ஒரு காலில் கரண்டு வரும், அதிலிருந்து எல்இடிக்குப் போகும். அந்தக் காலில் கரண்டு வருகிறதா இல்லையா என்று பார்க்க என்னால் முடியாது. அங்கே இருக்கிறவர் அழுத்தினால்தான் தெரியும்.

ஏழரைக்கு எரியவில்லை. எட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஆக, சாமான் எல்லாம் நல்லது. அழுத்துகிற ஆள்தான் அழுத்தவில்லை. அப்படித்தான் அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்? அவர் ஆள் மாறிவிட்டார் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை, பெண்ணாடத்துக்காரி கேலிக்குச் சொன்னது எனக்கு ஒட்டவில்லை. எனக்கு வந்த பயம் வேறு. பழகிப்போய்விட்டது அவருக்கு என்று பயம். நான் இல்லாமல் இருப்பது பழகிப்போய்விட்டது. காலையில் எழுந்திருப்பது, வேலைக்குப் போவது, சமைத்துத் தின்பது, படுப்பது, எல்லாம் அவருக்கு அங்கேயே அமைந்துவிட்டது. ஏழரை மணி அதிலிருந்து நழுவிவிட்டது, அதுவும் அவருக்குத் தெரியாமலே. சண்டை என்றாலாவது போட்டுத் தீர்க்கலாம். இதற்கு என்ன பண்ணுவது? எனக்கோ அந்த நேரம் ஆனால் இன்னமும் காது வாசல் கேட் பக்கம் போகிறது.

தீபாவளியும் வந்து போனது. போனில் வாழ்த்துச் சொன்னார், நானும் சொன்னேன். புடவை என்ன கலர் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அடைமழை வந்துவிட்டால் எங்கள் பேட்டையில் பாதி யூனிட் படுத்துவிடும். அச்சில் எடுத்த பச்சைப் பீஸ் காய வேண்டும், காயாததைச் சூளையில் வைத்தால் வெடித்துச் சிதறிவிடும். பலகை பலகையாக அடுக்கி வைத்தது அத்தனையும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. வெயில் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், வூட்டுல இருங்க என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்படித்தான் ஒரு புதன்கிழமை காலையில் நான் வீட்டில் இருந்தேன். நான் பகலில் வீட்டில் இருப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. ஞாயிறு துணி, கடை, திட்டக்குடி என்று ஓடிவிடும்.

கழுவுவதற்குப் பாத்திரம் மிச்சமில்லை. சோற்றுக்கு உலை வைத்துவிட்டுத் திரும்பினால் மேசை மேல் அந்தக் கிண்ணம் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. எதற்கு இது இங்கே? எல்லாவற்றையும் பிடுங்கி டப்பாவில் போட்டுப் பரண் மேல் ஏற்றிவிடலாம், வந்தால் வந்து அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று கிண்ணத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன். எல்இடியைத்தான் முதலில் பிடுங்கினேன்.

அதன் காலோடு ஒரு மஞ்சள் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது.

சுண்டுவிரல் நகத்தளவு கூட இருக்காது. விரலில் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

எனக்கு உடனே பிடிபட்டது. ஆயுத பூஜை அன்று யூனிட்டில் சூளைக்கும் அச்சுக்கும் மாவு அரைக்கிற மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி, சுண்டல் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அதே வேகத்தில் நானும் ஆரம்பித்தேன். மிக்ஸி, கேஸ் அடுப்பு, தையல் மெஷின், மோட்டார் சுவிட்ச், அரிவாள்மனை, அவருடைய டூல்ஸ் டப்பா. அவர் கைபட்ட இந்தப் போர்டை மட்டும் விட முடியுமா? எல்இடியைக் கழற்றி, பலகையைத் துணியால் துடைத்து, நடுவில் நல்ல கொழகொழவென்று சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, அந்தப் பொட்டின் மேலேயே எல்இடியைச் செருகினேன். கும்பிட்டுக்கொண்டேன் வேறு. சந்தனம் காலோடு சேர்ந்து துளைக்குள்ளே இறங்கியிருக்கிறது. ஈரமாக இருந்த வரைக்கும் ஏதோ மங்கலாக எரிந்தது. காய்ந்ததும் உள்ளே இருக்கிற தகட்டுக்கும் காலுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டது. மேலே இருந்த பொட்டு உதிர்ந்து போய்விட்டது, உள்ளே போனதை யார் பார்த்தார்கள்? புது எல்இடியையும் அந்தச் சந்தனத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் செருகியிருக்கிறேன். கையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ணங்கென்றுதானே இருக்கும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள மீட்டரை எடுத்தேன். பிரெட்போர்டில் ஒரே வரிசையில் இருக்கிற துளைகள் உள்ளுக்குள் ஒரே தகட்டில் சேர்ந்தவை. ஒரு துளையில் வருகிற கரண்டு பக்கத்துத் துளைக்கும் போக வேண்டும். எல்இடியை மறுபடி செருகி, அதன் காலில் ஓர் ஊசி, அதே வரிசையில் இருக்கிற ரெசிஸ்டரின் காலில் ஓர் ஊசி. பீப் வரவில்லை. அழுத்திப் பிடித்தேன், அப்போதும் வரவில்லை. ஒரு கருவி சத்தம் போடாமல் இருந்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

எல்இடியின் கால்களை நன்றாகத் துடைத்து, ரெசிஸ்டரோடும் ஒயரோடும் சேர்த்து இரண்டு வரிசை தள்ளிச் செருகினேன். கரண்டு வருகிற கம்பியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ரெசிஸ்டர் பக்கம் தொட்டேன். பளீரென்று எரிந்தது. சர்க்கியூட் சரியாகிவிட்டது. சரியானதும் பயம் திரும்பி வந்தது. இனி ஏழரைக்கு எரியவில்லை என்றால் சந்தனத்தின் மேலும் பழி போட முடியாது. மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஏழரைக்கு இன்னும் ஒரு பகல் கிடந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுச் சோற்றைக் கிளறப் போனேன்.

திரும்பி வந்தபோது கிண்ணம் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அணைந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. எரிய வேண்டிய நேரத்தில் எரிவதில்லை, யாரும் கேட்காதபோது எரிகிறதா? எந்த ஒயரோ எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஒயராக விலக்கிப் பார்த்தேன். ஒன்றோடொன்று எதுவும் படவில்லை. என் பொத்தானில் விரல் படாமல் தள்ளி உட்கார்ந்தேன். கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைத் திரும்பக் கவிழ்க்கக் கூட இல்லை.

மறுபடி எரிந்தது. நீளமாக ஒன்று. அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, வெடுக்கென்று குட்டியாக ஒன்று.

கோளாறு அப்படி எரியாது. அவர் வீட்டுக் கேட்டை ஆட்டுகிறார், நான் அறைக்குள்ளே உட்கார்ந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேச்சுப்படி இது ஏழரையும் இல்லை, ஒன்றும் இல்லை. பொத்தானில் விரலை வைத்து அழுத்தினேன்.

உடனே போன் அடித்தது. வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில், அதுவும் வேலை நேரத்தில், அவர் கூப்பிட்டதே இல்லை. எடுத்ததும் அவர் குரல் பதறியது.

"என்னம்மா, வூட்டுலயா இருக்க? ஒடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லை, மழை, பீஸ் காயவில்லை, லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அங்கே டீ நேரம் போல, பின்னால் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட சட்டத்தை நானே உடைத்தேன்.

"நா வேலைக்குப் போயிருக்கற நேரத்துல எதுக்குங்க அமுத்துறீங்க? வூடு பூட்டியில்ல கெடக்கும்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளி வந்தார் போல, பின்னால் இருந்த பேச்சுச் சத்தம் குறைந்தது.

"சாயங்காலம் அமுத்திப் பாத்தேன். தெனமும் அமுத்தினேன். நீ பதிலுக்கு அமுத்தல. பதில் வருமான்னு பாத்துக்கிட்டே நிக்கறது, வராம ரூமுக்குப் போறது... முடியலம்மா. டீ நேரத்துலன்னா நீ வூட்டுல இல்லன்னு தெரியும். பதில் வராதுன்னும் தெரியும். பயமில்லாம அமுத்தலாம்."

நான் யூனிட்டில் கிளேஸில் கையை முக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம் அந்த மனிதர் பூட்டிய வீட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வீட்டில் விளக்கும் எரிந்திருக்கவில்லை. அதுவும் அவருக்குத் தெரியாது. எரிந்து அணைகிறது, யாரும் பார்க்கவில்லை, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு அழுத்தியிருக்கிறார். பழகிப்போய்விட்டது என்று நான் அழுதது இவரை நினைத்துத்தான்.

அழுதுகொண்டே சந்தனக் கதையைச் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. போர்டுக்குமா பொட்டு வச்ச என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஒங்க கை பட்டதாச்சே என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பொங்கலுக்கு லீவு கேட்டிருப்பதாகவும், தருவார்களா என்று இன்னும் தெரியவில்லை என்றும், வந்தால் முதல் வேலையாகப் பற்றவைத்துவிடுவதாகவும் சொன்னார்.

"அது கெடக்கட்டுங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இனிமே பதில் வரலன்னா வெளக்குலதான் கோளாறு. எங்கிட்ட இல்ல."

சரிம்மா என்றார். டீ நேரம் முடிந்துவிட்டது, போனை வைத்தார். வைத்த கையோடு எல்இடி எரிந்தது. குட்டி வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை, முதல் வெளிச்சமே அணையாமல் நின்றது. அவர் விரலை எடுக்கவில்லை. நானும் என் பொத்தானில் விரலை வைத்தேன், எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சோறு குழைந்து அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். அதையேதான் மத்தியானம் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

வெயில் வந்ததும் யூனிட்டில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். ஏழரை மணி வெளிச்சம் பழையபடி வருகிறது, பதிலும் போகிறது. பொங்கல் லீவு கிடைக்கவில்லை. சித்திரையில் பார்க்கலாம் என்கிறார்கள். போர்டு இன்னும் பற்றவைக்கப்படாமல் செருகியபடியே இருக்கிறது. பகலில் அழுத்துவதை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை, அவரும் நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

அங்கே அவருக்கு டீ நேரமாகிற அதே பதினொன்றரைக்குத்தான் யூனிட்டில் எங்களுக்கும் டீ வரும். ஒருநாள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பெண்ணாடத்துக்காரி கவனித்துவிட்டாள். என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டாள். வூட்டுல வெளக்கு எரியுது என்றேன்.

"அணைக்காம வந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.